கோகிலவாணியின் வேண்டாம்

கோகிலவாணி வேண்டாம் என்று சொன்னதும் அவள் உட்கார்ந்திருந்த மர நாற்காலி தரையைப் பிடித்துக்கொண்டது. பாவு சுற்றிய உருளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிற நான்கு ஆண்கள் கால் பரப்பி, மூச்சடக்கி, குலதெய்வத்தைக் கூப்பிட்டுத் தூக்கியும் அது ஒரு நூல்கூட எழும்பவில்லை. ஒருவனுக்கு வேட்டி அவிழ்ந்தது, இன்னொருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று பார்த்த எங்கள் வீதி, மரம் ஈரம் குடித்திருக்கும் என்று ஒரு பாதியும், இன்றைக்கு அஷ்டமி அல்லவா என்று மறு பாதியும் சொல்லிவிட்டு, டீ ஆறிவிடும் என்று கலைந்து போனது.

நான் அந்த வீட்டுக்கு எதிர்ப் பட்டறையில் தறி ஓட்டுகிறவள், பெயர் தங்கமணி. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன், நம்பாதவர்களைக் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. குமாரபாளையத்தை ஒட்டிக் காவிரிக் கரையில் இருக்கிற எங்கள் வீதியில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்தது முதல் நூலை இழுத்துக்கொண்டு நாடா இங்குமங்கும் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, அதனால் நாங்கள் கத்துவதில்லை; நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டுவோம், டீ வந்தால் கட்டைவிரலை உதட்டில் வைப்போம், முதலாளி வந்தால் பெண்களும் இல்லாத மீசையைத் தடவுவோம், எவன் எவளைப் பார்க்கிறான் என்கிற சேதி ஒரு புருவத்தில் கிளம்பி டீ ஆறுவதற்குள் வீதியின் மறுகோடியில் போய் இறங்கிவிடும். இப்படிக் கையாலும் கண்ணாலும் வாழ்கிற வீதிதான், ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டிருந்த கோகிலவாணியைப் பார்த்து, பாவம் அதுக்குப் பேச்சு வராது என்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தது.

குயில் மாதிரிப் பாடுவாள் என்று அவள் அப்பா ஆசையாக வைத்த பெயர் அது. பிறந்த சில மாதத்தில் வந்த காய்ச்சலும் வலிப்பும் அவள் கைகளை மடக்கி, கால்களைச் சுருட்டி, நாக்கையும் கட்டிவிட்டுப் போயின. அப்பாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அம்மா பாவாயி அக்கா பட்டறையில் விழும் பஞ்சுக் கழிவைச் சேர்த்து மெத்தை தைத்து, அந்த நாற்காலியில் போட்டு, வீதியைப் பார்த்த ஜன்னலோரம் மகளை உட்கார வைத்தாள். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். புருவம் ஏறினால் சரி. மோவாயை இடது தோளில் அழுத்திக் கண்ணை மூடினால் வேண்டாம். மடங்கிய மணிக்கட்டு நெஞ்சைத் தொட்டால் வலிக்கிறது, நாக்கு கீழுதட்டில் படுத்தால் ஊர்வம்பு சொல்லு. பாவாயி அக்கா அடுப்படியில் நின்றுகொண்டே மகள் மூச்சு விடுகிற விதத்தை வைத்து, "வெயிலு மூஞ்சில அடிக்குதா சாமி, வாரேன்" என்பாள். அது மாயமெல்லாம் இல்லை, பெற்றவளும் பெண்ணும் ஓயாமல் பேசிப் பழகிய பழக்கம்.

அவர்கள் பேச்சு தெரிந்த இன்னொருவன் அண்ணன் அர்த்தநாரி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தங்கையைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவான். படித்துறைவரை போய்த் திரும்பும்போது அவள் மோவாய் அவன் தோளில் அழுந்தும். சரி சரி என்று இன்னொரு சுற்றுப் போவான். மறுபடி திரும்பினால் மறுபடி அழுந்தும். மீசை முளைத்து, தறி வாங்கி, கல்யாணம் கட்டி, தறிக்கு மேல் தறி வாங்கிய பிறகு அவனுக்கு ஆற்றுப் பக்கம் போக நேரமில்லை. அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கதை சுலபமாகப் போய்விடும்.

அவனுக்கு இரண்டு புதுத் தறி இறக்க இடம் வேண்டியிருந்தது. ஜன்னல் அறையைக் காலி செய்து தங்கையைப் பின்கட்டில் உட்கார வைக்கத்தான் அன்றைக்கு நான்கு ஆட்களைக் கூட்டி வந்தான்.

"வேண்டாங்கறாடா" என்றாள் பாவாயி அக்கா.

"அவளுக்கு என்னம்மா தெரியும்? ஜன்னலும் ஒண்ணுதான், பின்கட்டும் ஒண்ணுதான்."

"அவ மூஞ்சியப் பாருடா. மோவாயத் தோள்ல வெச்சுட்டா பாரு."

அர்த்தநாரி பார்த்தான், ஆட்களும் பார்த்தார்கள், அந்த நொடியில்தான் நாற்காலி கனத்தது. ஆட்கள் போன பிறகு பாவாயி அக்கா, "வெளிய காத்தாட உக்காந்துக்கறியா?" என்று கேட்டாள், புருவம் ஏறியது, அதே நாற்காலியை, அதே மகளோடு, முழங்கால் வலிக்காரியான அந்த மனுஷி ஒண்டியாகத் தூக்கி வாசலில் வைத்தாள். புதுத் தறிகள் பின்கட்டுக்குப் போயின.

அடுத்து மாட்டிக்கொண்டது பாவாயி அக்காவேதான். தினமும் காலையில் இட்லியைப் பிசைந்து சீனி போட்டு ஊட்டுவாள், மகள் மோவாயைத் தோளில் வைப்பாள், "சீனின்னா போதும், வெக்கத்தப் பாரு கழுதைக்கு" என்று கொஞ்சிக்கொண்டே வாயில் வைப்பாள். அன்று நான் உறைமோர் வாங்கப் போயிருந்தேன். "அக்கா, அது வெக்கமில்லைங்க்கா, வேண்டாங்கறா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பாவாயி அக்கா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். கரண்டி வாய்க்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது, அவள் தள்ளியும் நகரவில்லை, கையை எடுத்த பிறகும் விழவில்லை. எதிரே மிளகாய்ச் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக் கோகிலவாணியின் இரண்டு புருவமும் ஏறி நின்றன. பல் முளைத்த நாளிலிருந்து பிடிக்காததையே ஊட்டியிருக்கிறோம் என்று தெரிந்ததும் பாவாயி அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதாள், பிறகு மகளைத் திட்டினாள், பிறகு சட்னியைத் தொட்டு ஊட்டினாள். காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுக, அந்தப் பெண் கிண்ணத்தைக் காலி செய்தது. பெற்றவளுக்கும் தெரியாதது உண்டு என்று பாவாயி அக்கா அன்றைக்குச் சொன்னாள், சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இருந்தது.

சேதி பரவியதும் மாரியம்மன் கோயில் பூசாரி வேப்பிலையும் மஞ்சள் கயிறுமாக வந்துவிட்டார். ஆத்தா இறங்கியிருக்கிறாள், வாசலில் பந்தல் போட வேண்டும், வெள்ளிக்கிழமை வாக்குச் சொல்ல வேண்டும் என்று கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டே கயிற்றைக் கட்டப் போனார். கோகிலவாணி மோவாயை அழுத்தினாள். அவர் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். "கண்ணத் தொறந்து அவளப் பாருங்க சாமி" என்றேன் நான். அவர் திறந்து பார்த்தார், விஷயம் புரிந்தது, முடிச்சு தானாக அவிழ்ந்து கயிறு அவர் விரலுக்குத் திரும்பி வந்தது. அப்போதுதான் எங்களுக்கு அதன் சட்டம் பிடிபட்டது: அவள் வேண்டாம் என்பதைப் பார்த்து, அது வேண்டாம்தான் என்று அவள் யாரிடம் சொல்கிறாளோ அவருக்குப் புரிந்தால்தான் அது நிற்கும், அவருக்குப் புரியாவிட்டால் மற்றவர்களின் வேண்டாம் மாதிரியே அதுவும் காற்றோடு போகும். சாமி ஆவதில் அவளுக்கு இஷ்டமில்லை என்பதைப் பூசாரி பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, வேப்பிலையை எங்கள் ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

காப்பித்தூளும் உறைமோரும் கடன் வாங்குகிற வீதி, அதற்குப் பிறகு வேண்டாமும் கடன் வாங்கத் தொடங்கியது. முதலில் வந்தவள் மேற்கு வீட்டு மைதிலி. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த பெண்ணை மாமன் மகனுக்குப் பேசி முடித்து, நிச்சயத்தில் இரண்டு வீட்டாரும் மாற்றிக்கொள்கிற உப்பு சர்க்கரைத் தட்டுக்கூட வந்துவிட்டது. அவள் தட்டை முந்தானையில் மறைத்து எடுத்து வந்து கோகிலவாணியின் மடியில் வைத்து அழுதாள். கோகிலவாணி தட்டைப் பார்த்தாள், மைதிலியைப் பார்த்தாள், மோவாயைத் தோளில் வைத்தாள். அந்தத் தட்டைத் திரும்பக் கொண்டுபோய்ச் சபையில் வைத்தபோது, மாமன்காரர் இரண்டு கையாலும் இழுத்தும் அது எழும்பவில்லை, உப்பு மட்டும் கொஞ்சம் சிந்தியது. சம்பந்தம் கலைந்தது, மைதிலி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போனாள், மாமன் வீட்டார் எங்கள் வீதியில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டாள். மருமகள் வேலைக்குப் போவதை நிறுத்தித் தரச் சொல்லி ஒரு மாமியார் வந்தாள். கோகிலவாணி அவள் மூஞ்சிக்கு நேராகக் கொட்டாவி விட்டாள். வாங்கியவர்களும் சும்மா போக முடியாது, கடனைத் திருப்ப வேண்டும். மதியம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு சொல்லி, அவள் பேச்சைப் படித்துக்கொண்டு போக வேண்டும். இப்படித்தான் நாங்கள் ஒவ்வொருத்தியாக மணிக்கட்டு எங்கே தொட்டால் என்ன, மூச்சு எப்படி ஏறினால் என்ன என்று கற்றோம். தறிச் சத்தத்துக்காக நாங்கள் வைத்திருந்த சைகைகளை அவள் ஜன்னல் வழியாகவே எப்போதோ படித்து முடித்திருந்தாள். மீசை தடவுவது யாருக்காக என்பதுகூட அவளுக்குத் தெரியும். எங்கள் பேச்சு அவளுக்குத் தெரிந்திருந்தது, அவள் பேச்சு எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

வினை என் கடனில் வந்தது. தீபாவளிச் சரக்குக்காக என் முதலாளி குப்பண்ணன், பகல் முழுக்க ஓட்டியவர்களே இரவும் ஓட்ட வேண்டும் என்றார். குப்பண்ணன்தான் தறி முதலாளிகள் சங்கத்துக்கும் தலைவர். முந்தின வாரம் அப்படித் தூக்கம் கெட்டு ஓட்டிய ஒருத்திக்கு விரல் போயிருந்தது, எனக்கு அந்த விரலே கண்ணில் நின்றது. நான் நாடாவுக்குள் போடுகிற நூலைச் சுற்றும் வெறும் தார்க்குச்சியைக் கொண்டுபோய் கோகிலவாணியிடம் காட்டினேன். மோவாய் தோளுக்குப் போனது. வந்து நூல் சுற்றி நாடாவில் மாட்டினேன். மோட்டார் ஓடியது, பெல்ட் ஓடியது, நாடா மட்டும் மாமியார் வீட்டுக்குப் போக மறுத்த பெண் மாதிரி இருந்த இடத்தில் இருந்தது. மறுநாள் பட்டறையில் எல்லோர் கையிலும் ஒரு தார்க்குச்சி.

குப்பண்ணன் அர்த்தநாரியை நடு வீதியில் நிறுத்தினார். "ஏப்பா, உன்ற தங்கச்சி ஜன்னல்ல உக்காந்துட்டே வீதிய நிறுத்திப்போடுவா போல இருக்குது. நீயும் தறி வெச்சிருக்கறவன், ரோசன பண்ணு."

"பாக்கறேனுங்ணா" என்றான் அவன்.

வீட்டில் அவன் சொன்னதை ஜன்னல் வழியாக நானும் கேட்டேன். மலையடிவாரத்தில் ஒரு இல்லம் இருக்கிறதாம். "நல்ல எடம்மா. டாக்டர் வருவாரு, பாக்கறக்கு ஆளுக இருக்கறாங்க. நீ இன்னும் எத்தன நாளைக்கு இவளத் தூக்குவ? உனக்குப் பொறவு ஆரு பாப்பா? எம் பொண்டாட்டிக்கு இவ பேச்சுப் புரியாது. எனக்கும் மறந்து போச்சு."

குப்பண்ணனுக்காகச் சொன்னான் என்றால் பாவாயி அக்கா அவனை விளக்குமாற்றால் அடித்திருப்பாள். ஆனால் 'எனக்குப் பொறவு ஆரு' என்பது அவள் மகளுக்குத் தலைவாரும்போதெல்லாம் தனக்குள் முனகுகிற வார்த்தை. ஒவ்வொரு கோயிலிலும் மகளுக்கு ஒரு நாள் பின்னால் என்னைக் கூட்டிக்கொள் என்று மட்டும்தான் வேண்டிக்கொள்வாள். அதனால் அவள் விளக்குமாற்றை எடுக்கவில்லை.

"அவளக் கேட்டியா?" என்றாள்.

"அவள எப்பிடிம்மா கேக்கறது?" என்றான். பின்னால் ஜன்னலோரம் மோவாய் தோளில் இருந்ததை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. அன்று ஒரு தறி ஓடாது. மொத்த வீதியும் சித்ரான்னத்தைக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து பவானி கூடுதுறைக்குப் போய் முழுக்குப் போட்டு, பெண்கள் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு மதியத்துக்கு மேல்தான் திரும்பும். பாவாயி அக்கா மகள் பிறந்த பிறகு போனதே இல்லை. "இந்த வருசம் நீ போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான் அர்த்தநாரி. பாவாயி அக்கா மகளைப் பார்த்தாள். கோகிலவாணியின் புருவம் உச்சிக்கு ஏறியது, அம்மா போக வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. நாங்கள் கெட்டி மேளம் இல்லாத குறையாக அவளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம், வீதியில் ஒரு காக்கை மிச்சமில்லை.

பிறகு நடந்ததை வெளியூர் வேன் டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வேனை வாசலில் நிறுத்தச் சொன்ன அர்த்தநாரி, உள்ளிருந்து எதுவும் தெரியாத கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவி நாற்காலியிலிருந்து தங்கையைத் தூக்கினானாம். பார்ப்பதற்கு வீதியில் ஆள் இல்லை, டிரைவருக்கு அவள் பேச்சு தெரியாது, தன் கண்ணையும் கட்டிவிட்டான். சட்டத்தை நன்றாகப் படித்துத்தான் ஏற்பாடு செய்திருந்தான். வாசல்படி இறங்கி வேன் கதவுக்குக் கைக்கெட்டும் தூரம் வந்தபோது, அவன் தோளில் அவள் மோவாய் அழுந்தியது.

மறந்துவிட்டது என்று சொன்னவன்தான். தலை மறந்ததைத் தோள் மறக்கவில்லை. அவன் கால் இரண்டும் நடு வீதியில் நின்றுகொண்டன. டிரைவர் தள்ளினான், இழுத்தான், பெண்ணை வாங்கிக்கொள்ளப் பார்த்தான், அண்ணன் கையும் விடவில்லை. வெயில் ஏறியது. டிரைவர் ஒரு துண்டை நனைத்து இருவர் தலையிலும் போட்டுவிட்டு, வேனின் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

ஈரத் தலையும் மஞ்சள் கயிறுமாக நாங்கள் இறங்கியபோது அந்தக் கோலத்தில்தான் பார்த்தோம். பாவாயி அக்கா வேனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், சித்ரான்னத் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, விடச் சொல்லும்மா. கால் மரத்துப் போச்சு."

"எங்கிட்ட எதுக்குடா கேக்கற? அவகிட்டக் கேளு."

அர்த்தநாரி டிரைவர் பக்கம் தலையைத் திருப்பினான். "வண்டியப் போகச் சொல்லுங்க" என்றான். டிரைவர் வேனைக் கிளப்பிக்கொண்டு போனான். அப்போதும் கால் எழும்பவில்லை. கூட்டத்தில் குப்பண்ணனும் நின்றார். "ரெண்டு பேரா வந்து பிரிச்சு உடுங்கப்பா" என்றார். யாரும் அசையவில்லை, நான் அவரைப் பார்த்து நிதானமாக என் மீசையைத் தடவினேன்.

"கோகிலா" என்றான் அர்த்தநாரி. அவளிடம் நேராகப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது, குரல் அவனுக்கே பழக்கமில்லாமல் வந்தது. "என்னை விட்டுர்றியா?"

மோவாய் இன்னும் அழுந்தியது.

"வேண்டாங்கறா!" என்று மொத்த வீதியும் ஒரே குரலில் சொன்னது; என் குரல், ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்திருந்த மைதிலியின் குரல், கொட்டாவி வாங்கிய மாமியாரின் குரல், பூசாரியின் குரல், எல்லாம். சொல்லிவிட்டு நாங்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பாவாயி அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. "எனக்குப் பொறவு ஆருன்னு கேட்டியேடா" என்றாள் மகனிடம். "பாரு. எத்தன பேருக்குப் புரியுதுன்னு நல்லாப் பாத்துக்க."

அவன் பார்ப்பதற்காகத் தலையைக் குனிந்து கண்ணாடியை உதறினான். தரையில் விழுந்த கண்ணாடியை யாரும் எடுத்துத் தரவில்லை. அன்றைக்கு முதல் தடவையாகத் தங்கையின் முகத்தை நேரே பார்த்தான். மூடிய கண், வியர்வை, விடாப்பிடியான மோவாய்.

"சரி. இல்லத்துக்குப் போக வேண்டாம், பின்கட்டுக்கும் போக வேண்டாம்" என்றான். "நீ சொல்லு கோகிலா. நீ எங்க போகணும்?"

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை, பெற்றவளும் கேட்டதில்லை. கோகிலவாணி கண்ணைத் திறந்தாள், ஆனால் அவசரப்படவில்லை. பசித்த குழந்தைகள் சிணுங்குவதை நிறுத்தின, ஒரு தறியும் ஓடாத வீதியில் அவள் மூச்சு விடுவது கடைசி வரிசைவரை கேட்டது, நாங்கள் அத்தனை பேரும் அவள் யோசித்து முடிக்கட்டும் என்று வெயிலில் காத்து நின்றோம். பிறகு அவள் கண்கள் மெல்ல நகர்ந்து வீதியின் கீழ்க்கோடிக்குப் போய், வேப்பமரத்தைத் தாண்டி நின்றன.

"ஆறு" என்று நாங்கள் சொல்வதற்குள் அர்த்தநாரி சொல்லிவிட்டான்.

கால் எழும்பியது. மரத்த காலை இழுத்து இழுத்து அவன் நடந்தான், பாவாயி அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள், இப்போதுதான் ஆற்றிலிருந்து வந்த மொத்த வீதியும் மறுபடி ஆற்றுக்குக் கிளம்பியது. பதினெட்டாம் பெருக்குத் தண்ணீர் படித்துறையில் பாதியை மூடிக்கொண்டு ஓடியது. அவன் தண்ணீருக்குள் இரண்டு படி இறங்கி, சுருண்ட அந்தக் கால்கள் நனைகிற மாதிரித் தங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாவாயி அக்கா ஒரு மஞ்சள் கயிற்றை மகள் மணிக்கட்டில் கட்டலாமா என்று கேட்டு, புருவம் ஏறியதும் கட்டினாள்.

பொழுது சாயத் தொடங்கியது. "போலாமா?" என்று அர்த்தநாரி வீட்டுப் பக்கம் திரும்பினான்.

மோவாய் தோளில் அழுந்தியது.

"சரி சரி" என்றான் அவன், இன்னொரு சுற்றுப் போனான்.